பலகை தேவைப்படாத ஊர்

அமெரிக்காவுக்கு நான் போனதில்லை. ஆனால் இலண்டனுக்கு வந்த நாள் முதல் அந்த நாட்டின் வரலாற்றைத்தான் அதிகம் படித்திருக்கிறேன். பெட்ரோல் நிலையத்தில் வேலை பார்த்த காலத்தில், ஆட்கள் வராத நேரங்களில், கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தைப் பற்றிக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன்.

போன வருடம் வால்தம்ஸ்டோவில் ஒரு தமிழ் வாசகர் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேச அழைத்தார்கள். வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பருக்கு ஒன்று என்று பலகை எழுதி வைத்த தண்ணீர்க் குழாய்களைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். கைதட்டினார்கள்.

தேநீர் குடிக்கும்போது என் வயதுள்ள ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். பஸ் ஓட்டுகிறாராம்.

"நல்லாக் கதைச்சீங்கள் அண்ணை. என்னைத் தெரியேல்லைப் போல."

தெரியவில்லை என்றேன்.

"நான் உங்கட ஊர்தான். எங்கட அப்பா உங்கட வீட்டுக்கு வேலி அடைக்க வாறவர். நானும் கூட வருவன். தண்ணி கேட்டால் நீங்கள்தான் கிணத்தடியில நிண்டு ஊத்துவீங்கள். செம்பு கையில முட்டாமல், உயரத்தில பிடிச்சு. நாங்கள் கையை ஏந்திக் குடிப்பம்."

அவர் குரலில் கோபம் இல்லை. வழி கேட்டவருக்கு வழி சொல்வது போலத்தான் சொன்னார். போகும்போது தொலைபேசி எண்ணையும் தந்தார்.

எனக்கு அது நினைவில் இல்லை. அதுதான் என்னை இருக்கவிடவில்லை. எந்த ஊரில் எந்தப் பஸ்ஸில் யாரை எழும்பச் சொன்னார்கள் என்று அமெரிக்காவைப் பற்றிச் சொல்லத் தெரிந்த எனக்கு, என் கை செய்தது தெரியவில்லை. புத்தகத்தைத் திறந்தால் இரண்டு பக்கத்துக்கு மேல் ஓடவில்லை. நான் இருக்கும் குட்மேய்ஸில் இருந்து இல்ஃபோர்ட் வரை நடந்து போய், வந்த காரணம் தெரியாமல் திரும்பி வந்தேன். கனடாவில் இருக்கும் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன்.

"ஓம், அப்ப அப்பிடித்தானே. ஏன் இப்ப அதைக் கிண்டுறாய்?" என்றார்.

அமெரிக்காவில் பலகை எழுதித் தொங்கவிட்டார்கள். அதனால் பிறகு அதைக் கழற்றவும், படம் பிடித்துப் புத்தகத்தில் போடவும் முடிந்தது. எங்கள் ஊரில் பலகையே தேவைப்படவில்லை. யார் எங்கே நிற்கவேண்டும் என்பது குழந்தைக்கும் தெரிந்திருந்தது.

ஒரு கிழமை கழித்து பஸ் ஓட்டுபவருக்கு எடுத்து மன்னிப்புக் கேட்டேன்.

"அதை எனக்குச் சொல்லி என்ன அண்ணை? எனக்குத் தெரிஞ்ச கதைதானே. அண்டைக்குக் கைதட்டின ஆக்களுக்குச் சொல்லுங்கோ."

அடுத்த கூட்டத்தில் நேரம் கேட்டு வாங்கிச் சொன்னேன். செம்பை, உயரத்தை, ஏந்திய கைகளை. இந்த முறை ஒருவரும் கைதட்டவில்லை. முன்வரிசையில் ஒருவர் தொலைபேசியைப் பார்த்தபடி எழுந்து வெளியே போனார். கூட்டம் நடத்துபவர், "இதெல்லாம் பழங்கதை, பிள்ளையளும் இருக்கினம்" என்று மைக்கை வாங்கிக்கொண்டார்.

அன்றைக்கு பஸ் ஓட்டுபவருக்கு ஷிப்ட். வரவில்லை. மாலையில் எடுத்து, சொல்லிவிட்டேன் என்றேன்.

"என்ன சொன்னவை?"

"பழங்கதை எண்டு மைக்கை வாங்கினவை. வேற ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை."

"சொல்லமாட்டினம்" என்றார். இடைவேளை முடிகிறது, பஸ்ஸை எடுக்கவேண்டும் என்று வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு முறை வீட்டுக்குச் சாப்பிட வரச்சொல்லிக் கேட்டேன். இரண்டு முறையும் "பாப்பம் அண்ணை" என்றார். மனைவி, இன்னும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள் என்கிறாள். கேட்பது அவருக்காகவா, எனக்காகவா என்று தெரியாமல் தொலைபேசியை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.