மழைக்குப் பள்ளிக்கூடம் விட்ட நாள்

காலை எட்டேகால் மணிக்குச் செம்பாக்கத்தில் எங்கள் தெருமுனைக்குப் பள்ளி வேன் வந்தபோது மழை இல்லை. வானம் மட்டும் துவைக்காத போர்வை மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. ஆறு வயது மகள் யாழினியை ஏற்றிவிட்டு, தண்ணீர் பாட்டில் இருக்கிறதா, குடை இருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டேன். "இருக்கும்மா" என்று அலுத்துக்கொண்டாள். வேன் ஓட்டும் செல்வம், "இன்னாக்கா டெய்லி இதே டென்ஷனு? நான் பாத்துக்கறேன், போக்கா" என்றார். கவலைப்படுவதற்கென்றே பிறந்தவள் என்று என் கணவர் ரவி என்னைச் சொல்வார். உண்மைதான். ஆனால் அவர் படாத கவலையையும் சேர்த்து யாராவது பட வேண்டும் அல்லவா?

நாங்கள் மலேசியாவில் ஈப்போக்காரர்கள். மறைமலை நகரில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் ரவிக்கு இரண்டு வருட வேலை. ஜூன் மாதம் வந்து சேர்ந்தோம். "தமிழ்நாட்டுக்குப் போய்விட்டு வெளிநாட்டில் இருக்கிறேன் என்கிறாயே, மொழி ஒன்றுதானே?" என்று ஊரில் தோழிகள் கேலி செய்கிறார்கள். மொழி ஒன்றுதான். ஆனால் மோட்டார் எப்போது போடுவார்கள், குப்பை வண்டி எந்தப் பக்கம் நிற்கும், யார் தட்டினால் கதவைத் திறக்கலாம், இதையெல்லாம் எந்த மொழிப் பாடத்திலும் சொல்லித் தருவதில்லை. குளிர்நாட்டுக்காரர்கள் இலை உதிர்வதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மாதங்களில் இங்கே மழை. ஐப்பசி பிறந்ததிலிருந்து எங்கள் அடுக்குமாடியில் ஏரியைப் பற்றித்தான் பேச்சு. ஏரி நிறைந்துவிட்டதா, மதகைத் திறப்பார்களா என்று மாடிப்படியில் நின்று பேசுவார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொள்வேன்.

அன்றைக்கு நான் அனகாபுத்தூருக்குக் கிளம்பினேன். மேல்மாடியில் குடியிருக்கும் ஸ்டெல்லா டீச்சர் பிரசவத்துக்கு அங்கே தாய்வீட்டுக்குப் போயிருந்தார். இந்த ஊரில் எனக்கென்று இருந்த ஒரே சிநேகிதி அவர். குழந்தை பிறந்து மூன்று வாரம் ஆகியும் நான் போய்ப் பார்க்கவில்லை. யாழினி மூன்றரை மணிக்குத்தான் வருவாள், அதற்குள் திரும்பிவிடலாம் என்பது கணக்கு. இரண்டரை வயது கவினை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டைப் பூட்டினேன். பூட்டை இழுத்துப் பார்த்தேன். படியிறங்கிய பிறகு மறுபடி ஏறி இழுத்துப் பார்த்தேன்.

ஒன்பதரை மணி. செம்பாக்கத்திலிருந்து கிழக்குத் தாம்பரம் ஐந்து கிலோமீட்டர் இருக்கும், ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய். எதிரே உட்கார்ந்திருந்த பூக்காரம்மா கவினைப் பார்த்துவிட்டு, "கொயந்த தலைக்கு ஒரு குல்லா போடக்கூடாதா? காத்து அடிச்சிகினு கீது பாரு" என்றார். நான் துப்பட்டாவால் அவன் தலையை மூடினேன். அதன் பிறகு தாம்பரம் வரும்வரை அவனுக்குச் சளி பிடித்துவிடுமோ என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

தாம்பரம் ரயில் நிலையத்தில் டிக்கெட் ஐந்து ரூபாய். எனக்குப் பல்லாவரம் போக வேண்டும். சானடோரியம், குரோம்பேட்டை தாண்டி மூன்றாவது நிறுத்தம். பெட்டியில் பக்கத்தில் இருந்தவர் ஆபீசுக்குப் போகிறவர் போலிருந்தது. கைபேசியில் வானிலைப் படத்தைப் பார்த்துக்கொண்டே, "இன்னைக்குக் கனமழையாம் மேடம். ஸ்கூலை மத்தியானமே விட்டாலும் விட்டுடுவாங்க" என்றார்.

"மழைக்கா?" என்று சிரித்துவிட்டேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க எந்த ஊரு?"

சொன்னேன். ஈப்போவில் சாயங்காலமானால் மழை ஊற்றும், அரை மணியில் ஓயும், பிள்ளைகள் குடைபிடித்து வீட்டுக்கு வருவார்கள். நான் படித்த காலத்திலும் சரி, யாழினி பாலர் பள்ளிக்குப் போன காலத்திலும் சரி, மழைக்காகப் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டதே இல்லை. "இது வேற மழைங்க" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போய்விட்டார்.

பல்லாவரத்திலிருந்து பம்மல் வழியாக அனகாபுத்தூருக்கு மறுபடி ஷேர் ஆட்டோ, இன்னொரு இருபது ரூபாய். ஸ்டெல்லாவின் தாய்வீடு அடையாற்றுக்கு இரண்டு சந்து இந்தப் பக்கம். சந்தில் ஒரு பைக் வந்தால் நாம் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். எல்லா வீட்டு வாசலிலும் படிகள் உயரமாக இருந்தன. ஏன் என்று கேட்கத் தேவையில்லை, வெளிச்சுவர்களில் இடுப்பளவில் ஒரு பழுப்புக் கோடு இருந்தது. பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். உள்ளங்கை அளவு முகம். கவின் அவளைத் தொடப் போக, நான் தடுக்க, ஸ்டெல்லாவின் அம்மா, "தொடட்டும் விடும்மா, ஒண்ணும் ஆவாது" என்று அவன் விரலைப் பிடித்துத் தானே பாப்பாவின் பாதத்தில் வைத்தார்.

பதினொரு மணிக்கு மழை பிடித்தது. ஓட்டின் மேல் விழுந்த சத்தத்தில் பேசுவது கேட்கவில்லை. இட்லித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நேரம் பார்க்கக் கைபேசியை எடுத்தேன். பள்ளிப் பெற்றோர் குழுவில் அறுபது செய்திகள். தினமும் காலை வணக்கமும் ரோஜாப் படமும் வருகிறதென்று அந்தக் குழுவின் சத்தத்தை நான்தான் நிறுத்தி வைத்திருந்தேன். முதல் செய்தி பத்தே முக்காலுக்கு வந்திருந்தது. கனமழை எச்சரிக்கையால் பள்ளி பதினொன்றரைக்கு விடப்படும், வேன்கள் வழக்கம்போல் வீட்டில் இறக்கிவிடும். கீழே வரிசையாக நன்றி, சரி, கும்பிட்ட கைகள்.

மணி பதினொன்று இருபத்தைந்து. வீடு பூட்டியிருக்கிறது. நான் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறேன்.

செல்வத்தைக் கூப்பிட்டேன், தொடர்பு எல்லைக்கு வெளியே. ரவியைக் கூப்பிட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. தொழிற்சாலைக்குள் போகும்போது போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். பள்ளி எண்ணில் ஆளே எடுக்கவில்லை. "எதிர்வீட்டு கீதாவுக்குப் போடுங்க, அவங்க வீட்டுலதான் இருப்பாங்க" என்றார் ஸ்டெல்லா. நான்கு மாதமாக எதிரெதிர்க் கதவு, கீதாவின் எண் என்னிடம் இல்லை. ஸ்டெல்லாவிடம் வாங்கி அடித்தேன். கீதாவும் எடுக்கவில்லை.

ஸ்டெல்லாவின் தம்பி மழையில் ஓடிப்போய் ஓர் ஆட்டோவைப் பிடித்து வந்தார். ஓட்டுநர் நரைத்த மீசைக்காரர். "செம்பாக்கமா? அறுநூறு குடும்மா. ரோடே ஆறாப் போவுது" என்றார். தலையாட்டிவிட்டு ஏறினேன். கவின் அழுதான். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு பேர் அழ முடியாது.

பம்மல் தாண்டும்போது கீதா கூப்பிட்டார். "சாரிங்க, நான் கீழ கேட்டுகிட்ட இருந்தேன். யாழினி வேன் வந்தது. நான் கைய நீட்டி வாம்மான்னு கூப்பிட்டேன். அவ எறங்கவே மாட்டேன்னுட்டா. கம்பியப் பிடிச்சிக்கிட்டா. அம்மா இல்லாம யார் வீட்டுக்கும் போகக்கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்கன்னு ஒரே பிடிவாதம். ஏரிக்கரைப் பக்கம் இன்னும் நாலு பசங்கள எறக்கணுமாம், அதனால அந்த டிரைவர் இவளையும் கூட்டிட்டுப் போயிட்டாரு."

அது நான் சொல்லிக்கொடுத்ததுதான். வந்த நாளிலிருந்து தினமும் படுக்கையில் சொல்லியிருக்கிறேன். மிட்டாய் கொடுத்தாலும் போகாதே, பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் போகாதே, சிரித்தாலும் போகாதே. அவளும் அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறாள். வீட்டுப்பாடத்தில் ஒரு நாளும் இப்படிச் செய்ததில்லை.

"ஏரிக்கரையில தண்ணி இருக்கா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் இருக்குன்னு சொல்றாங்க. நீங்க பயப்படாதீங்க" என்றார் கீதா. பயப்படாதே என்று யாராவது சொன்னால்தான் எனக்குப் பயம் முழுதாக வரும்.

சிட்லபாக்கம் வழியாகப் போனால் சீக்கிரம் போகலாமே என்றேன் ஓட்டுநரிடம். "அங்க போனா வண்டி படகாயிரும்மா. தாம்பரம் சுத்திக்கினுதான் போணும்" என்றார். ஜி.எஸ்.டி. சாலையில் குரோம்பேட்டை அருகே வண்டிகள் நகரவே இல்லை. ஒரு பஸ் கடந்தபோது அலை அடித்து எங்கள் காலில் ஏறியது. வேனின் கதவு சரியாக மூடாது, அந்த வேன் குட்டையில் நின்றுவிட்டால் அவள் எங்கே போவாள், செல்வத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்றெல்லாம் மனம் ஓடியது. வாடகை வீட்டுக்கு மூன்று பேரிடம் விசாரித்தேன், பிள்ளையை ஏற்றி அனுப்பும் ஆளைப் பற்றி அவர் பேரையும் கைபேசி எண்ணையும் தவிர எதுவும் விசாரிக்கவில்லை.

"பொண்ணா?" என்றார் ஓட்டுநர், கண்ணாடி வழியாக.

"ஆமாம். ஒண்ணாவது."

"வேன்காரன் வுட்டுட்டுப் போவ மாட்டாம்மா. ஒரு புள்ள காணோம்னா அவன் பொழப்பே போச்சே." ஆறுதலுக்காக அல்ல, தொழில் விவரம் போலத்தான் சொன்னார். அது எனக்குப் பிடித்தது.

தாம்பரத்தில் மேம்பாலம் ஏறிக் கிழக்கே இறங்கினோம். கேம்ப் ரோடு சந்திப்பில் விளக்கு எரியவில்லை. எங்கள் அடுக்குமாடி வாசலை அடைந்தபோது மணி ஒன்றரை. கேட்டுக்குள்ளேயே கணுக்கால் தண்ணீர். கீதா குடையோடு நின்றிருந்தார், நைட்டியின் கீழ்ப்பாதி நனைந்திருந்தது. வேன் வரவில்லை.

"நான் போய்ப் பார்க்கிறேன்" என்றேன்.

"சின்னவன என்கிட்ட கொடுங்க."

கொடுக்கத் தயங்கினேன். இவ்வளவு நடந்த பிறகும் என் கை தயங்கியது, அதை அவர் கவனித்தார். "தண்ணிக்குள்ள இவனத் தூக்கிட்டு எப்படிங்க போவீங்க?" என்றார். கவினைக் கொடுத்தேன். என் மகளைப் போல அவன் ஒன்றும் கொள்கைக்காரன் இல்லை, அவர் வளையலைப் பிடித்து விளையாட ஆரம்பித்துவிட்டான்.

ஏரிக்கரைத் தெரு எங்கள் தெருவிலிருந்து இரண்டாவது தெரு. முழங்கால்வரை தண்ணீர், தரை தெரியவில்லை. சாக்கடை மூடி எங்கே இருக்கிறதென்று நினைவுபடுத்திக்கொண்டே சுவரைத் தொட்டபடி நடந்தேன். திருப்பத்தில், ஒரு வீட்டு வாசல் மேட்டில் முன்சக்கரம் ஏற்றி அந்த மஞ்சள் வேன் நின்றிருந்தது. முன் இருக்கையில் யாழினி. தலையில் செல்வத்தின் துண்டு.

நான் அவளைக் கத்திக் கூப்பிட்டேன். அவள் கதவைத் திறக்காமல் கண்ணாடி வழியாகவே பார்த்து, நான்தான் என்று தெரிந்ததும் அழ ஆரம்பித்தாள். அதுவரை அழவில்லையாம்.

செல்வம் வேனின் பின்னாலிருந்து வந்தார். உடம்பு முழுக்க நனைந்திருந்தது, முகத்தில் சிரிப்பு இல்லை. "இன்னாக்கா இது? என் போன் தண்ணியில வுழுந்து அவுட்டு. வண்டியும் ஆஃப் ஆயிடுச்சி. எல்லாப் புள்ளையும் எறக்கிட்டேன், இவ மட்டும் எறங்க மாட்டேங்கறா. எதிர்வூட்டம்மா கூப்ட்டாலும் வரல. என் வூட்டுக்குப் போலாம், எங்கூட்டுல சாப்பாடு கீதுன்னேன், அதுக்கும் வரல. வண்டியிலயே உக்காந்துகினு கீறா. நான் இவள வுட்டுட்டு மெக்கானிக்கக் கூப்புடக் கூடப் போவ முடியல."

"மன்னிச்சிடுங்க செல்வம்" என்றேன்.

"மன்னிப்பெல்லாம் வேணாக்கா. யாரு கூப்ட்டா வரணும்னு புள்ளைக்குச் சொல்லி வையி. யாரு கூடவும் போவாதன்னு மட்டும் சொன்னா, நாங்க இன்னா பண்றது?"

அவர் சொன்ன தொனியில் கோபம் இருந்தது. அதற்கு அவருக்கு உரிமை இருந்தது. யாழினியைத் தோளில் தூக்கிக்கொண்டு தண்ணீரில் திரும்பினேன். வழியெல்லாம் அவள் என் காதில், "நான் போகலைம்மா, யார்கூடவும் போகலை" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். சமர்த்து என்று சொல்லத்தான் நினைத்தேன், முதுகைத் தட்டிக்கொண்டே நடந்தேன்.

அன்று சாயங்காலம் அவளுக்குப் புதிதாக ஒரு பாடம் எடுத்தேன். அம்மா இல்லாவிட்டால் கீதா ஆன்ட்டி கூப்பிட்டால் போகலாம்.

"அவங்க நமக்கு யாரும்மா?" என்று கேட்டாள்.

எதிர்வீடு என்றேன். அது அவளுக்குப் போதவில்லை. எனக்கும்தான்.

மறுநாள் காலையிலேயே விடுமுறை அறிவித்துவிட்டார்கள். இந்த முறை செய்தியை நான்தான் முதலில் பார்த்திருப்பேன். பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. கீதா, கையில் நான்கு வயது மகன் நிரஞ்சன். "ஏங்க, இவனக் கொஞ்சம் பாத்துக்குங்க. இவங்க அப்பாவோட பிளட் டெஸ்ட் ரிசல்ட் வாங்கணும், கேம்ப் ரோடு வரைக்கும் போயிட்டு வந்துடறேன்" என்றார். நான் சரி என்பதற்குள் பாதிப் படி இறங்கிவிட்டார்.

ஈப்போவில் எட்டு வருடம், சுவரோடு சுவர் ஒட்டிய ஒரே வரிசை வீட்டில் குடியிருந்தோம். இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் தங்கமானவர்கள். பெருநாளுக்குப் பலகாரம் வேலிக்கு மேலே போகும், வரும். ஆனால் இரும்புக் கதவைத் தாண்டி ஒரு குழந்தை இந்தப் பக்கம் வந்ததில்லை, எங்கள் வீட்டுப் பிள்ளை அந்தப் பக்கம் போனதுமில்லை. என்னை நம்பி ஒருத்தி தன் பிள்ளையை விட்டுப் போனது இதுதான் முதல் தடவை. அவன் சாப்பிட்டானா, எது ஒத்துக்கொள்ளாது, அழுதால் என்ன செய்வது, ஒன்றும் சொல்லாமல் போயிருந்தார். மூன்று பிள்ளைகளும் கட்டிலில் ஏறிக் குதிக்க ஆரம்பித்தார்கள். நான் தாழ்ப்பாளைப் போட்டேன், பால்கனிக் கதவையும் சாத்தினேன், நிரஞ்சன் பக்கத்தில் கையை நீட்டியபடியே நின்றேன். கீதா திரும்பி வரும்வரை நான் உட்காரவே இல்லை.