காப்பி அக்காவின் மூன்று மணி நேரம்

என் இடது கால் ஒரு கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே எனக்கு மிச்சமிருக்கும் பகுதியின் மேடு பள்ளமெல்லாம் அளந்து, படமாக்கி, அதில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நான் மாட்டியிருக்கும் செயற்கைக் கால் உடைந்தால் அந்தப் படத்தை வைத்து இன்னொன்று செய்துகொள்ளலாம். எங்கள் செயற்கைக் கால் நிலையத்தில் இப்படி அறுநூற்றுப் பதினான்கு பேரின் கால்கள் அந்த ஒரே பெட்டியில் குடியிருக்கின்றன. காவலுக்கு இருப்பவர் காப்பி அக்கா. அதே நிலையத்தின் பட்டறையில் கால் பொருத்துகிறவன் நான். அக்காவைப் பற்றி நடுநிலையாகப் பேசுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

அக்கா கம்ப்யூட்டர் படித்தவர் இல்லை. மாவுக்கட்டுக்கு மாவு குழைக்க வந்தவர். முன்பெல்லாம் மாவுக்கட்டுப் போட்டுத்தான் அளவு எடுப்போம். பதினோரு வருஷம் குழைத்ததில் அக்காவின் உள்ளங்கைத் தோல் உரிந்து ரத்தம் கசிய ஆரம்பித்தது. இனி மாவைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அளவெடுக்கும் கருவியும் கம்ப்யூட்டரும் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தன. நாற்காலி காலியாக இருந்தது, அக்காவை உட்காரவைத்துவிட்டார்கள். ஒற்றை விரலால் தட்டித் தட்டியே கற்றுக்கொண்டார். பஸ் ஓட்டும் அவர் வீட்டுக்காரர் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "என் ஓட்டை பஸ்ஸே இதைவிட வேகமா போகுமே" என்றார்.

"உங்க பஸ் நின்னா ஆளுங்க இறங்கி நடந்துடுவாங்க. என் ஆளுங்க எப்படிங்க நடப்பாங்க?" என்றார் அக்கா.

ஆரம்பத்தில் அக்காவும் வேகத்தில் மயங்கியவர்தான். தினமும் சாயங்காலம் வெளியிலிருந்து ஒரு டிஸ்க்கைச் செருகி, 'கால்கள்' என்று பெயரிட்ட கோப்புறையை அதில் காப்பி எடுப்பார். ஒரே நொடியில் முடிந்துவிடும். "பார்த்தியா, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள!" என்று என்னிடமே பெருமை பேசியிருக்கிறார். ஒரு வருஷம் இப்படிப் போனது. பிறகு பெட்டிக்குள் இருந்த டிஸ்க் ஒருநாள் செத்துப்போனது. அலட்டிக்கொள்ளாமல் வெளி டிஸ்க்கைத் திறந்தார் அக்கா. உள்ளே ஒரு படம் மட்டும் இருந்தது, அதன் மூலையில் சின்னதாக ஓர் அம்புக்குறி. அத்தனை நாளும் அவர் காப்பி எடுத்தது கோப்புறையை அல்ல, அதைத் திறப்பதற்காக முகப்புத் திரையில் வைத்திருந்த குறுக்குவழிச் சின்னத்தை. வீட்டைத் தூக்கி வைப்பதாக நினைத்து வீட்டு விலாசத்தை எடுத்து வைத்திருக்கிறார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எங்களுக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு!

அப்போது பெட்டியில் இருந்த இருநூற்றுப் பதினோரு பேரைத் திரும்பக் கூப்பிட்டோம். ஓர் அளவு என்பது ஒரே நாளில் அமைவதில்லை. நாலைந்து முறை வரவழைத்து, போட்டுப் பார்த்து, எங்கே உறுத்துகிறது என்று கேட்டுக் கேட்டுத் திருத்தியது. இரண்டு பஸ் மாறி, கட்டைகளை ஊன்றி வந்த ஒரு தையல்காரம்மா, "மறுபடியும் முதல்லேருந்தா?" என்று மட்டும் கேட்டார். அவர் திட்டியிருந்தால் தேவலை. அக்கா குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதார்.

அதற்குப் பிறகு அக்காவுக்கு வேகம் என்றாலே ஆகாது. திங்களும் வியாழனும் மதியம் ஒரு மணிக்குத் தொடங்குவார். ஒரு காப்பிக்கு மட்டுமே இடமுள்ள வெளி டிஸ்க்கில் பழையதை அழித்துவிட்டு முதலில் எல்லாவற்றையும் காப்பி எடுக்க வேண்டும், பிறகு ஒவ்வொரு காலுக்கும் அசலும் நகலும் ஒன்றுதானா என்று ஒப்பிட வேண்டும். நாலு மணியாகிவிடும். அதுவரை பெட்டி கரகரவென்று அரைத்துக்கொண்டே இருக்கும். விளக்கு ஓயாமல் கண் சிமிட்டும். மவுஸை நகர்த்தினால் திரையில் அம்பு யோசித்துவிட்டுத்தான் கிளம்பும். சாயங்காலத்துக்குத் தள்ளிப்போடவும் வழியில்லை, ஆறு மணிக்குக் கட்டிடக்காரர் மெயினை அணைத்துவிடுவார். "சீக்கிரம் முடிஞ்சா நான் நம்பமாட்டேன். மெதுவா ஓடினாத்தான் உள்ள ஏதோ இருக்குன்னு அர்த்தம்" என்பார்.

புதிதாக வந்த மேலாளருக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. அறிவிப்புப் பலகையில் அக்கா எழுதியிருந்ததை மட்டும் படித்தார்: "திங்கள், வியாழன், 1 – 4 காப்பி. தொந்தரவு செய்யாதீர்கள்." மறுநாளே குறிப்பாணை வந்தது. வாரத்தில் இரண்டு நாள், மூன்று மணி நேரம் காப்பி குடிப்பதற்கு விளக்கம் தரவும். அக்கா அதன் அடியிலேயே பதில் எழுதி அனுப்பினார்: "நான் குடிப்பது டீ." பட்டறையே சிரித்துப் புரண்டது. அக்காவுக்குக் காப்பி அக்கா என்ற பெயர் வந்ததும் அன்றுதான். மேலாளர் சிரிக்கவில்லை. விஷயம் புரிந்த பிறகும் அவர் கறுவிக்கொண்டுதான் இருந்தார்.

போன மாதம் பெட்டியின் சத்தம் மாறியது. கரகரப்புக்கு நடுவே 'டக்' என்று ஓர் அடி. புது டிஸ்க் வேண்டும் என்று அக்கா எழுதிக் கொடுத்தார். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார் மேலாளர். அந்த வியாழக்கிழமை காப்பி வழக்கத்தைவிட மோசமாக நொண்டியது. இரண்டே முக்காலுக்குக் காப்பியிலேயே எழுபத்து மூன்று சதவீதம்தான் ஆகியிருந்தது, ஒப்பிடுவது மொத்தமும் பாக்கி. அப்போதுதான் மேலாளர் ஓடி வந்தார்.

"மூணு மணிக்குப் பார்வையாளர்கள் வராங்க. இதுலதான் படம் காட்டணும். நிறுத்துங்க."

"முடியாது சார்."

"அப்புறம் ஓட்டிக்கலாமே!"

"அப்புறம் இந்த டிஸ்க் இருக்கணுமே சார். சத்தத்தைக் கேளுங்க. இப்ப நிறுத்தினா மறுபடி எழும்புமான்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?"

மேலாளர் மவுஸுக்குக் கை நீட்டினார். அக்கா மவுஸையும் கீபோர்டையும் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"நாளையிலேருந்து நீங்க வேலைக்கு வர வேண்டாம்!"

"சரி சார். இன்னைக்கு இது முடியற வரைக்கும் இந்த நாற்காலி என்னோடது."

மேலாளர் சுவரில் இருந்த ஸ்விட்சை நோக்கித் திரும்பினார். வாக்குவாதம் கேட்டுப் பட்டறையிலிருந்து வந்திருந்த நான் அந்த ஸ்விட்சை மறித்து ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பட்டைகளைக் கழற்றி, என் காலை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "இதைப் பிடிங்க சார். இது உடைஞ்சா இன்னொன்னு செய்ய வேண்டிய அளவு அந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கு. இப்ப அணைங்க பார்ப்போம்."

பார்வையாளர்கள் உள்ளே நுழைந்தபோது மேலாளர் கையில் ஒரு காலோடு நின்றுகொண்டிருந்தார். வந்தவர்களில் மூத்த அம்மாள், "இங்க என்ன நடக்குது?" என்று கேட்டார். மேலாளர் காலை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார். அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "அறுநூத்திப் பதினாலு பேரோட காலைப் பத்திரமா எடுத்து வைக்கறோம்மா. படம் காட்ட நேரமாகும். பட்டறையில நிஜமாவே நடக்கறவங்க இருக்காங்க, அவங்களைப் போய்ப் பாருங்க."

அவர்கள் போய்ப் பார்த்தார்கள். காப்பி எழுபத்தொன்பது சதவீதத்தில் இருபது நிமிஷம் நின்றது. அக்காவின் உதடு வெளுத்துப் போயிருந்தது. நாலே முக்காலுக்குக் கடைசிக் காலையும் ஒப்பிட்டு முடித்து, வெளி டிஸ்க்கைப் பிடுங்கி, முந்தானையில் துடைத்து, அலமாரியில் வைத்துப் பூட்டினார். சாவியை மேலாளர் மேஜையில் வைத்துவிட்டு என்னிடம்கூடச் சொல்லாமல் போய்விட்டார். அவர் இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் ஒன்பது மணிக்கு அக்கா வந்தார். மேலாளர் வாசலிலேயே மறித்தார்.

"வர வேண்டாம்னு நேத்தே சொன்னேனே?"

"சொன்னீங்க சார். அதை எழுதிக் குடுங்க. எதுக்காக அனுப்பறீங்கன்னு காரணத்தையும் எழுதுங்க. அறுநூத்திப் பதினாலு பேருக்கும் நானே போன் போட்டுப் படிச்சுக் காட்டிட்டுப் போறேன்."

மேலாளர் சட்டைப் பையில் இருந்த பேனாவைத் தொட்டார். எடுக்கவில்லை. அக்கா, "சாவி" என்று கையை நீட்டினார்.