கடைசி சைக்கிள் என்னுடையது

போன வருடம் தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சின்ன காஞ்சிபுரத்தில் நடந்தது இது. கோயில்களையும் நெசவுத் தெருக்களையும் சைக்கிளில் நிதானமாகச் சுற்றிக் காட்டும் பயணம் ஒன்றுக்கு, என்னைக் கேட்காமலேயே என் கணவர் எங்கள் இருவர் பெயரையும் கொடுத்துவிட்டார். பக்கத்து ஏனாத்தூரில் இருபது வருடமாகக் குடியிருக்கிறோம், நமக்கு எதற்கு வழிகாட்டி என்று முணுமுணுத்துக்கொண்டேதான் கிளம்பினேன். எதற்கெடுத்தாலும் முணுமுணுப்பது என் சுபாவம்.

மொத்தம் பதினான்கு சைக்கிள்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் எங்களில் ஒருவர் நின்று, பின்னால் வருபவர்களுக்கு வழி காட்ட வேண்டும். ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்டவர் எல்லாருக்கும் கடைசியாக வருவார். அவர் வந்துவிட்டால் அத்தனை பேரும் வந்தாயிற்று என்று அர்த்தம். திருப்பத்தில் நிற்பவரும் கிளம்பிவிடலாம். வழிகாட்டித் தம்பி அந்தச் சட்டையை என்னிடம் நீட்டினார்.

"அக்கா, நீங்க உள்ளூர்க்காரங்க. கடைசியா வாங்க. யாரையும் தாண்டி மட்டும் போயிடாதீங்க."

என் கணவருக்குச் சர்க்கரை உண்டு. கிளம்பியதுமே டிபன் என்று சொல்லியிருந்ததை நம்பி, ஆறரைக்கே இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு வந்திருந்தார். யாருடைய சைக்கிளோ பஞ்சராகி நேரம் போய்விட, முதலில் நெசவுத் தெரு, டிபன் அப்புறம் என்று மாற்றிவிட்டார்கள். "பரவால்ல, தாங்கும்" என்றார் இவர். குளுக்கோஸ் பொட்டலம் என் கைப்பையில் இருக்கிற தைரியத்தில் நானும் பேசாமல் விட்டுவிட்டேன்.

போகப் போக இவர் பின்தங்கினார். கண்ட வாசலில் எல்லாம் நின்றார். ஏதாவது கேட்டால் இரண்டாவது தடவைதான் பதில் வந்தது, அதுவும் சிடுசிடுப்பாக. அடுத்த தெருவில், தறியில் ஏற்றப்போகும் பட்டுப் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டி இழைகளைச் சரிசெய்கிறார்கள், எல்லாரும் அங்கே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இவரோ சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நிற்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வர்றீங்களா இல்லியா? உங்களோட எங்க வந்தாலும் இதே ரோதனை."

"நீ போ" என்றார். போய்விட்டேன். திருப்பத்தில் நின்ற பெண் என் ஆரஞ்சுச் சட்டையைப் பார்த்ததும் சைக்கிளில் ஏறி என்னோடு வந்துவிட்டார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

பாவு நூலைப் பார்த்து முடித்துக் கிளம்பும்போது வழிகாட்டி தலைகளை எண்ணினார். பதிமூன்றுதான் வந்தது. "அக்கா, சார் எங்க?" என்றார்.

திரும்பி வந்து பார்த்தால் அந்தச் சுவரோரம் யாரும் இல்லை. போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வழிகாட்டி ஒரு பக்கம் ஓட, நான் இன்னொரு பக்கம் ஓடினேன். எல்லாச் சந்துகளும் ஒரே மாதிரி தெரிந்தன. ஒரு பெட்டிக்கடைக்காரரிடம் கேட்டேன்.

"ஆமாம்மா, ஒருத்தரு சைக்கிளத் தள்ளிக்கினு தள்ளாடிக்கினே போனாரு. காத்தாலயே தண்ணி போட்டுட்டாரு போலன்னு வுட்டுட்டோம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தச் சிடுசிடுப்பும், சுவரில் ஊன்றிய கையும் சர்க்கரை இறங்குவதன் அடையாளங்கள். பன்னிரண்டு வருடமாக எனக்குத் தெரிந்தவைதான். குளுக்கோஸ் என் தோளில் தொங்குகிறது, மனுஷனைக் காணோம். கடவுளே, எங்கேயும் விழுந்திருக்கக் கூடாது என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு ஓடினேன்.

இரண்டாவது சந்தில் அவருடைய சைக்கிள் சாக்கடை ஓரமாகச் சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் ஆள் இல்லை. சாக்கடைக்குள்கூட எட்டிப் பார்த்தேன். அதற்குள் எதிர்வீட்டிலிருந்து யாரோ கைதட்டிக் கூப்பிட்டார்கள்.

உள்ளே தறிக்குப் பக்கத்தில் தரையில் சாய்ந்திருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அந்த வீட்டு அம்மா அவர் தலையைத் தாங்கிப் பிடித்து, விழுங்குகிறாரா என்று பார்த்துப் பார்த்துச் சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். என் சட்டையைப் பார்த்துவிட்டு என்னை டூர் நடத்துகிற ஆள் என்று நினைத்துவிட்டார் போல.

"எங்க வூட்டுக்காரரும் ஊசி போடுறவருதான். வேர்வையப் பாத்ததுமே தெரிஞ்சிடுச்சு. ஏம்மா, இவுரு கூட யாரும் வரலியா? பொண்டாட்டி கிண்டாட்டி இருந்தா போன் போட்டு வரச் சொல்லு."

எனக்கு வாயே திறக்கவில்லை. குளுக்கோஸ் பொட்டலத்தை எடுத்தேன். அவசரத்தில் பிரிக்க வரவில்லை. அந்த அம்மாவே வாங்கிப் பல்லால் கிழித்தார். "என்னங்க" என்று கூப்பிட்டேன். அவர் என்னைப் பார்த்தார். நான் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. என் வாழ்க்கையில் அதற்கு முன்பும் பின்பும் அப்படி நான் பயந்ததில்லை.

பத்து நிமிடம் கழித்து மெல்லக் கண் தெளிந்து, "நீ சாப்ட்டியா?" என்று கேட்டார். அந்தத் தறிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அப்போதுதான் அந்த அம்மாவுக்கு நான் யாரென்று புரிந்தது. எனக்கும் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அன்றே டாக்டரிடம் காட்டினோம், பயப்பட ஒன்றுமில்லை என்றார். வழி தவறியது தன் தப்புதான் என்று இவர் இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்கிறார். ஆனால் கூட யாரும் வரவில்லையா என்று கேட்ட அந்த அம்மாவிடம், நான்தான் அவர் மனைவி என்று சொல்ல நாக்கு எழாமல் நின்றேனே, அந்த வெட்கம்தான் இப்போதும் என் வாயில் சுடுசொல் வரும்போதெல்லாம் என்னைப் பிடித்து நிறுத்துகிறது.