மூன்று முறை விடைபெற்ற இளவரசன்

என் அப்பா பதினைந்து வருடங்களாக ராணி. மாரியம்மன் திருவிழாவில் எங்கள் ஊர்க்காரர்களே சேர்ந்து போடும் பாட்டு நாடகத்தில், மகனைக் காட்டுக்கு அனுப்பும் தாய் வேடம் அவருடையது. மற்ற நாட்களில் மிளகு பறிக்க மரம் ஏறுவார், மரவள்ளி மூட்டை சுமப்பார். எழுதப் படிக்கத் தெரியாது. நாடகம் முழுவதையும் காதால் கேட்டே மனதில் ஏற்றியவர். அவர் விடைகொடுக்கும் பாட்டைத் தொடங்குவதற்கு முன்பே எங்கள் மலையிலேயே உள்ள குண்டூர் நாட்டிலிருந்து வந்த பெண்கள் முந்தானையைக் கையில் எடுத்துக்கொள்வார்கள். அந்த அழுகைதான் அவருக்குக் கூலி. வேறு கூலி எங்களில் யாருக்கும் கிடையாது. சேலையில் குத்தும் ஊக்கைக்கூட அவரவர் வீட்டிலிருந்துதான் கொண்டுபோக வேண்டும்.

விடுதியில் தங்கிப் படித்தபோது, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டவர்களிடம் விவசாயி என்பதோடு நிறுத்திக்கொண்டேன். ராணி என்று எழுத விண்ணப்பத்தில் கட்டம் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நான் பட்டம் வாங்கி ஊர் திரும்பிய வருடம், வழக்கமாக இளவரசனாக நடிப்பவர் கட்டட வேலைக்குக் கேரளா போய்விட்டார். வேடம் பிரிக்கும்போது எங்கள் ஊரில் முறை பார்ப்பார்கள். பங்காளிகள் இருவர் மேடையில்கூடப் புருசன் பெண்டாட்டியாக நிற்கக் கூடாது. ராணிக்கு மகனாக வருகிறவன் அப்பாவுக்கு மகன் முறையாக இருந்தாக வேண்டும். அப்படி ஊரில் மிச்சமிருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவருக்கு முன்பல் இல்லை. இன்னொருவன் நான். எனக்கு வேடம் கிடைத்தது பல்லுக்காக. படிப்புக்காக என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பாட்டு நோட்டை வாங்கி, பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்தேன். முக்கியமான வரிகளுக்கு அடிக்கோடு போட்டேன். விடியற்காலையில் எழுந்து வாசலில் நடந்துகொண்டே மனப்பாடம் செய்தேன். ஒரே வாரத்தில் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். அதோடு விட்டிருக்கலாம். மாலை ஒத்திகைகளில் மற்றவர்களைத் திருத்தவும் ஆரம்பித்தேன். ஒருநாள் அப்பாவிடமே, நோட்டில் அப்படி இல்லை என்றேன். சேலைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டே அவர், “செரிங்க சார்” என்றார்.

நோட்டில் இல்லாத ஒன்று இருந்தது. நாடகம் நடக்கும்போது சொந்தக்காரர்கள் மேடையேறி நடிகர்களுக்குத் துண்டு போர்த்துவார்கள். ஆர்மோனியம் நின்றுவிடும். நடிகர் கும்பிட்டு, போர்த்தியவர் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாட வேண்டும். ஒத்திகையில் யாரும் துண்டு போர்த்துவதில்லை.

திருவிழா இரவில் தொடங்கிய நாடகத்தில் எங்கள் காட்சி வரும்போது பொழுது விடிந்துகொண்டிருந்தது. மேடை மேலெல்லாம் பனி. குளிருக்குப் பயந்து உடைக்குள் ஸ்வெட்டர் போட்டிருந்ததால், நாட்டை இழந்து காட்டுக்குப் போகும் இளவரசன் விருந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறவன்போல இருந்தான். ஏழாவது வரி பாடும்போது அம்மாவின் அண்ணன், என் பெரிய மாமா, துண்டோடு ஏறினார். கும்பிட்டேன், வாழ்த்தினேன். ஆர்மோனியம் மறுபடி சுருதி கொடுத்தது. எட்டாவது வரி வரவில்லை. எந்தப் பரீட்சையிலும் பாதி விடையில் யாரும் எனக்குத் துண்டு போர்த்தியதில்லை. நினைவுக்கு வந்தது முதல் வரி மட்டும்தான். அதிலிருந்து ஆரம்பித்தேன்.

ஐந்தாவது வரியில் சின்ன மாமா வந்தார். நான் மறுபடியும் முதல் வரிக்குப் போனேன்.

இதற்குள் மாமன் மச்சான் எல்லோருக்கும் விஷயம் விளங்கிவிட்டது. கேலி செய்ய முறை உள்ளவர்கள், விடுவார்களா? மேடை ஓரம் வரிசை நின்றது. துண்டு கொண்டுவராத ஒருவர் தலையில் கட்டியிருந்ததை அவிழ்த்துக்கொண்டிருந்தார். முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: “ஏம் மாப்ள, காட்டுக்குப் போறயா இல்லியா? மல எறங்கற காரவள்ளி பஸ்ஸே பொறப்பட்டுருச்சு.”

அழுவதற்கு எடுத்த முந்தானையை வாயில் பொத்திப் பெண்கள் சிரித்தார்கள். சிரிப்புக்கு நடுவே ஏழு வரி பாடி, எட்டாவது வராமல் நான் அப்பாவைப் பார்த்தேன். எனக்குப் பதில்பாட்டு பாட மூன்றாவது முறையாகக் கையை உயர்த்தி வைத்துக்கொண்டு, சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். வருடம் முழுக்க மூட்டை சுமந்தவருக்கு வருடத்தில் ஒருநாள் கிடைக்கும் கூலியை நான் தொலைத்துக்கொண்டிருந்தேன்.

ராணி அந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது. அப்பா நகர்ந்தார். நேராக வந்து என்னைக் கட்டிக்கொண்டார். மூக்குத்தி என் காதில் குத்தியது.

“நோட்ட மறந்துரு கண்ணு. நாஞ் சொல்றத மட்டும் பாடு.”

ஒரு வரியைக் காதில் சொன்னார், பாடினேன். பதிலை அவரே உரக்கப் பாடினார். பாடி முடித்ததும் என் தோளில் முகம் புதைத்து அடுத்த வரியைச் சொன்னார். அப்போதுதான் பெரிய மாமா இரண்டாவது துண்டோடு ஏறினார். அவர் அப்பாவுக்கு மச்சான். ஆனால் மேடையில் என் தாயாக நிற்கும் ராணிக்கு அண்ணன். அப்பா என்னை விடாமல், பாட்டின் ராகத்திலேயே அவரைப் பார்த்துப் பாடினார்: “பெத்தவ பிள்ளையப் பிரியறேன் அண்ணா, இப்பத் துண்டு எதுக்குங்க அண்ணா?”

அண்ணா என்று கூப்பிட்ட பிறகு கேலிக்கு முறை இல்லை. மாமா துண்டைத் தன் தோளிலேயே போட்டுக்கொண்டு இறங்கிப்போனார். வரிசையும் கலைந்தது. கூட்டம் ஒருமுறை சிரித்து, பிறகு அடங்கியது. கீழே இருந்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் மகனை விட மனம் வராத ஒரு தாய். கடைசி வரியில் அப்பா கையைத் தளர்த்தியபோது முன்வரிசையில் விசும்பல் கேட்டது. அதிகமாக அழுதது என் அம்மா.

தேங்காய் எண்ணெய் போட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஆர்மோனியக்காரர் வந்தார். அந்தக் கட்டிப்பிடித்த இடம் ரொம்ப நன்றாக இருந்தது, இத்தனை வருடம் ஏன் தோன்றவில்லை என்று கேட்டார்.

அப்பா என் பக்கம் தலையை ஆட்டி, “பையன் யோசனைங்க. படிச்சவன் பாருங்க” என்றார்.

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நான் அடக்கத்தோடு சிரித்தேன்.

அடுத்த வருடம் அந்தக் கட்டிப்பிடிப்பு கட்டாயம் வேண்டும் என்று ஊரே சொல்லிவிட்டது. நோட்டில் சேர்க்கும் பொறுப்பும் எனக்கே வந்தது. எட்டாவது வரிக்கு முன்னால், ‘இங்கே ராணி மகனைக் கட்டிக்கொள்ள வேண்டும்’ என்று என் கையால் எழுதி அடிக்கோடு போட்டேன். ஏன் என்று எழுதவில்லை.