ஆறும்வரை நிற்கும் வண்டி

பிள்ளைகளே, முதலாம் ஆண்டுத் திருப்பலி முடிந்து இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வருகிறது. இறைவனடியில் இருக்கும் அவர் எனக்கு அண்ணன். உங்களில் சிலருக்குப் பெரியப்பா, சிலருக்குத் தாத்தா. நான் அண்ணன் என்றே எழுதுகிறேன். எட்டாவதோடு படிப்பை விட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது புன்னைக்காயலில். எங்கள் அப்பா கடலோடு போனபோது அண்ணனுக்கு மீசை முளைக்கவில்லை. அந்த வயதிலேயே அண்ணன் சங்கு குளிக்கப் போனார். அக்காமார் இருவரைக் கட்டிக்கொடுத்ததும், என்னை வேலை பழக அனுப்பியதும் அவர் அடக்கிய மூச்சில்தான். ஆழம் அவருடைய வலது காதை வாங்கிக்கொண்டது. இடது காதும் பாதிதான் கேட்கும். அதன்பிறகு தூத்துக்குடியில் குடியேறி, பழைய பிக்கப் ஒன்றை எடுத்து, தருவைகுளத்திலிருந்து மீன் ஏற்றினார்.

யாரையும் கடிந்து பேசியவரில்லை. வண்டி ஓட்டும்போது வாயை மூடிக்கொண்டு கோயில் பாட்டை முனகுவார். காது கேளாததால் எவ்வளவு சத்தமாக முனகுகிறோம் என்பது அவருக்கே தெரியாது. வேகம் கூடினால் ராகமும் ஏறும். "அண்ணாச்சி, ஒங்களுக்கு ஆரன் எதுக்கு?" என்று கரையில் கேலி செய்வார்கள். அதுவும் அவருக்குக் கேட்காது. சிரித்துவைப்பார்.

வண்டியின் சத்தம் கேட்காதவர் கையால்தான் அதைக் கவனித்தார். கடல் வற்றிக் கிடக்கும் நேரத்தில் படகு கரைவரை வராது; மீன் ஏற்ற வண்டியைப் பின்னால் தண்ணீருக்குள்ளேயே இறக்க வேண்டும். இறக்குமுன் ஈர மணலுக்கு மேலே நிறுத்தி, சிலுவை போட்டுக்கொண்டு, பின்பக்கம் குந்தி உட்கார்ந்து, பின்சக்கரங்களுக்கு நடுவே உருண்டையாகத் தொங்கும் பல்சக்கரக் கூடான ஹவுசிங்கின் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொள்வார். ஒரு டீ குடிக்கிற நேரமாவது ஆகும். அவர் ஜெபம் செய்கிறார் என்று நினைத்துக் கரையில் நிற்பவர்கள் தலைத்துண்டை எடுத்துவிடுவார்கள். வீட்டாரும் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

போன வருடம் ஒரு காலையில் அப்படி உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மகன் கிங்ஸ்டன் ஸ்டியரிங்கில் இருந்தான். அப்பா கை காட்டட்டும் என்று காத்திருந்தான். சுற்றி நின்றவர்களும் மரியாதைக்காகக் கூப்பிடவில்லை. அலை வந்து காலை நனைத்தும் அவர் அசையாததைப் பார்த்துத்தான் ஓடினார்கள். உடனே தூக்கியிருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்றார் டாக்டர். அதைக் கிங்ஸ்டனிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

காரியங்கள் முடிந்து அவனே வண்டியை எடுத்தான். சில மாதத்தில் பின்னாலிருந்து ஒரு கூவல் தொடங்கியது. "சித்தப்பா, மிதிச்சா கூவுது, காலை எடுத்தா கம்முனு ஆயிருது" என்றான். தெரு முனையில் வண்டி திரும்பும்போதே அது வீட்டுக்குள் கேட்கும். அண்ணன் மனைவியான மதினி அடுப்பை விட்டு எழுந்து வாசலுக்கு வந்துவிடுவார். வேகம் கூடினால் ராகம் ஏறியது. எனக்கும் அண்ணன் முனகுவது மாதிரியே கேட்டது, பொய் சொல்லவில்லை.

நான் ஓட்டிப் பார்த்தேன். டயரை மாற்றிப் போட்டும் சத்தம் மாறவில்லை. வளைவில் ஒடித்தாலும் கூடவில்லை, குறையவில்லை. ஆகவே வீல் பேரிங் இல்லை. இழுக்கும்போது மட்டும் கூவுகிறது என்றால் ஹவுசிங்குக்குள் கிரவுன் என்கிற பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றும் சின்னச் சக்கரமான பினியன் பக்கம்தான் கோளாறு. அப்படியே விட்டால் ஒருநாள் ஓடுகிற ஓட்டத்தில் பின்சக்கரம் இறுகிப் பூட்டிக்கொள்ளும். அன்று உள்ளே இருக்கப்போவது கிங்ஸ்டன்.

மதினி விடவில்லை. "அவுக குரலுல்லா தம்பி அது. அதைக் கழட்டிப் போடணுமாக்கும்?"

கழற்றவில்லை, எண்ணெய் மட்டும் பார்க்கிறேன் என்று சொல்லி, அவர் முன்னாலேயே கீழ்ப் போல்ட்டைத் திறந்தேன். கறுப்பாக வரவேண்டிய ஆயில் பால் கூடிய டீ போல வந்தது. ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து ஜன்னலில் வைத்தேன். மறுநாள் அடியில் தண்ணீர் தனியாக நின்றது.

மதினி அதை வெளிச்சத்தில் தூக்கி வெகுநேரம் பார்த்தார். சங்கு குளித்தவரோடு வாழ்ந்தவர் அல்லவா. "தண்ணி குடிச்சிருக்கு" என்றார். பிறகு, "தண்ணி குடிச்சவனைக் கரையில தூக்கித்தான போடணும். கழட்டுங்க தம்பி."

கழற்றினேன். பினியன் பேரிங்கின் உருளைகள் துரு தின்று புள்ளி புள்ளியாக இருந்தன. கடல் எப்படி உள்ளே போனது? ஹவுசிங்கின் மேலே காற்றுப் போக ஒரு சின்ன மூடி உண்டு. ஓடிச் சூடான ஹவுசிங்கைச் சட்டென்று தண்ணீரில் இறக்கினால் உள்ளே காற்று சுருங்கி, அந்த வழியே கடலை உறிஞ்சிக்கொள்ளும். அண்ணன் கையை வைத்துக் காத்திருந்தது அது ஆறுவதற்குத்தான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நிறுத்தாமல் இறக்கினாயா என்று கிங்ஸ்டனிடம் கேட்டேன்.

அவன் தலையைத் தூக்கவில்லை. "அங்கன நிக்க முடியல சித்தப்பா. அப்பா பின்னால உக்காந்துருக்க மாதிரியே இருக்கு. சிலுவை மட்டும் போட்டுட்டு எறக்கிருவேன்."



புது பேரிங் போட்டு, பல்லில் வர்ணம் தடவிச் சுற்றி, பல்லும் பல்லும் நடுவில் பதிகிற வரை தகடு மாற்றி மாற்றி வைத்து இறுக்கினேன். ஓட்டிப் பார்க்க மதினியும் ஏறிக்கொண்டார். உப்பளம் தாண்டிக் கிங்ஸ்டன் மிதித்தான். சத்தம் இல்லை. மூவரும் அந்த இல்லாத சத்தத்தையே கேட்டுக்கொண்டு போனோம். திரும்பும்போது மதினி, "இனி நான் வாசலுக்கு வர வேண்டாம் என்ன" என்றார். எங்கள் இருவரையும் பார்த்துச் சொல்லவில்லை.

அன்று அண்ணனை மணலிலிருந்து தூக்கிவந்த தருவைகுளத்துச் சகோதரர்களுக்கும், அடக்கம் வரை கூட இருந்த பங்கு மக்களுக்கும், எங்கள் வீட்டில் உலை வைக்காத நாட்களில் சோறு கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும் நன்றி சொல்ல எங்களுக்கு வார்த்தை போதாது. உங்கள் ஜெபத்தில் அண்ணனை நினைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளே, இப்போது கிங்ஸ்டன் கரையில் நிற்கிறான். தனியாக முடியாது என்பதால் முதல் சில நாள் நானும் கூடப் போனேன். அப்பா உட்கார்ந்த இடத்திலேயே குந்தி, ஹவுசிங்கின் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொள்கிறான். சுற்றி நிற்பவர்கள் தலைத்துண்டை எடுத்துவிடுகிறார்கள். இரும்பு ஆறத்தான் காத்திருக்கிறான் என்று அவர்களிடம் நாங்கள் சொல்லவில்லை. ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. கொஞ்சம் நேரமானால் யாராவது ஒருவர் மெல்ல அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். அவன் கையைத் தூக்கிக் காட்டுகிறான்.