பழியெல்லாம் பானை மேல்

என்னைப் பெண் பார்த்தது ஒரு மியூசியத்தில். சொன்னால் யாரும் நம்புவதில்லை. கோயிலில் பார்ப்பார்கள், வீட்டில் பஜ்ஜி சொஜ்ஜி வைத்துப் பார்ப்பார்கள், மியூசியத்தில் யாராவது பார்ப்பார்களா என்று கேட்கிறார்கள். எங்கள் அப்பாவைத் தெரிந்தவர்கள் கேட்கமாட்டார்கள்.

ஐம்பதுகளின் நடுவில் நான் செங்கல்பட்டில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். மாப்பிள்ளை வீட்டார் எடுத்த எடுப்பில் வீடேறி வந்து பெண் பார்ப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் பெண்ணுக்குப் பெயர் கெட்டுவிடும். அதனால் ஏதாவது ஒரு கோயிலில் இரண்டு குடும்பமும் தற்செயலாகச் சந்தித்துக்கொள்ளும். பிடித்திருந்தால், “அட, நீங்க செங்கல்பட்டா!” என்று ஆரம்பிப்பார்கள். பிடிக்காவிட்டால் விபூதியை இட்டுக்கொண்டு அவரவர் வழியைப் பார்த்துப் போய்விடலாம். ஜாதகம் கைமாறி மாதக்கணக்கு ஆகியிருக்கும், இருந்தும் அந்தப் பிராகாரத்தில் யாருக்கும் யாரையும் தெரியாது.

என்னை இப்படித் திருக்கழுக்குன்றத்தில் இரண்டு தடவை தற்செயலாகப் பார்த்துவிட்டார்கள். இரண்டும் தட்டிப்போயின. பெண் கறுப்பு என்று யாரும் சொல்லவில்லை, மூக்கு சப்பை என்றும் சொல்லவில்லை. வேலைக்குப் போகிற பெண் சரிப்படாது என்றார்கள். இரண்டாம் தடவை கோயில் வாசல் பூக்காரி என் அம்மாவிடம், “இந்த வாட்டியாவது கெட்டியா புடிச்சிக்கோ கண்ணு” என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னாள். அதோடு அம்மா அந்தக் கோயிலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டாள்.

அப்பா கணக்கு வாத்தியார். எந்தக் கணக்குக்கும் தன்னிடம் ஒரு குறுக்குவழி உண்டு என்பது அவர் நம்பிக்கை. “மகாபலிபுரத்துக்கு இந்தப் பக்கம், சதுரங்கப்பட்டினம் ரோட்டுல, பழைய உப்பு ஆபீஸ் பங்களாவுல புதுசா ஒரு மியூசியம் வெச்சிருக்காங்க. அங்க பூக்காரி கிடையாது” என்றார்.

“எங்க வேணா வெச்சுக்குங்க. நான் வேலையை விடமாட்டேன்னு அவங்ககிட்ட முதல்லயே சொல்லிடுங்க” என்றேன்.

“சொல்லிட்டேம்மா. சந்தோஷமா ஒத்துக்கிட்டாங்க.”

‘சந்தோஷமா’ என்ற வார்த்தைதான் எனக்கு உறுத்தியது. மாப்பிள்ளையின் வாயாலேயே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். கோயிலில் வாயைத் திறக்க முடியாது, சாமிக்கு முன்னால் அடக்கமாக நிற்கவேண்டும். மியூசியத்தில் என்ன அடக்கம்? முன்பின் தெரியாத ஆளிடம் மணி கேட்கலாம் என்றால் இதையும் கேட்கலாம். வேலையை விடு என்றால் இதையும் தட்டிவிடுவது, அம்மா அழுதாலும் சரி என்று கறுவிக்கொண்டேன்.

முதல் கோளாறு பஸ்ஸிலேயே வந்தது. செங்கல்பட்டிலிருந்து அந்தப் பக்கம் போக அந்த நேரத்துக்கு ஒரே பஸ்தான். அப்பாவின் குறுக்குவழியில் இது விட்டுப்போயிருந்தது. நாங்கள் ஏறினால் அவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். மாப்பிள்ளை ரயில்வேயில் பார்சல் கிளார்க். சித்திரை வெயிலில் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு, புழுங்கிப்போய் ஜன்னலோரம் இருந்தார். பக்கத்தில் அவருடைய அம்மா. வெள்ளைப் புடவை, நெற்றியில் விபூதி மட்டும். அவருடைய அப்பா காலமாகி வெகுகாலம் என்று ஜாதகத்தோடு சொல்லியிருந்தார்கள். கண்டக்டர் எங்கள் ஐந்து பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு பக்கம் கோட்டு, டை, இன்னொரு பக்கம் பட்டு, சரிகை, பவுடர்.

“இன்னா, எல்லாம் ஒரே பார்ட்டியா?”

“இல்லை!” என்று அப்பாவும் அந்த அம்மாவும் ஒரே குரலில் சொன்னார்கள்.

மாப்பிள்ளை எழுந்து என் அம்மாவுக்கு இடம் கொடுத்தார். அம்மா அவருடைய அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, யாரென்றே தெரியாததுபோல் வழி முழுக்க முன்சீட்டுக் கம்பியையே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்குகிற இடமும் ஒன்று. அவர்கள் முன்னால் நடந்தார்கள். நாங்கள் வேறு எங்கோ போகிறவர்கள்போல் கொஞ்சம் இடைவெளி விட்டு, அதே ஒற்றையடிப் பாதையில், அதே பங்களாவைப் பார்த்து நடந்தோம். சுற்றிலும் மணலும் சவுக்குமாக இருந்தது, ஒரு ஈ காக்கை இல்லை.

மியூசியத்தில் இரண்டு அறைகள், ஒரு காவல்காரர். மனிதர் ஆள் முகத்தைப் பார்த்து எத்தனை நாள் ஆகியிருந்ததோ, எங்களைக் கண்டதும் பீடியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

“வாங்க வாங்க! குடும்பத்தோட வந்துகிறீங்களா?”

“நாங்க வேற, அவங்க வேற” என்றார் அப்பா.

“உள்ள வந்தா எல்லாம் ஒண்ணுதான் சார். தனித்தனியா சொல்லிக்கினு இருந்தா எனுக்கு மூச்சு வாங்கும்” என்று ஐந்து பேரையும் ஒரே மந்தையாக ஓட்டிக்கொண்டு உள்ளே போனார்.

உள்ளே தலையில்லாத ஒரு அம்மன், பீரங்கிக் குண்டுகள், உப்பு நிறுக்கிற பெரிய தராசு. சதுரங்கப்பட்டினம் கோட்டையில் கிடைத்த டச்சுக்காரர்களின் உடைந்த பீங்கான்களும் புகை பிடிக்கிற வெள்ளை மண் சுங்கான்களும் ஒரு கண்ணாடிப் பெட்டியில் இருந்தன. அறையின் நடுவில், இடுப்பு உயரத்துக்கு, வாயகன்ற ஒரு பிரம்மாண்டமான மண்பானை. மேலே மூடி, பக்கத்தில் ஒரு அட்டை. அட்டை இங்கிலீஷில் இருந்தது. காவல்காரர் தராசு சரித்திரத்தைச் சொல்லிக்கொண்டிருக்க, இரண்டு அம்மாக்களும் நேராகப் பானையிடம் போய்விட்டார்கள்.

பானை வாங்கிப் பழகிய கை எங்கே போனாலும் சும்மா இருக்குமா? மாப்பிள்ளையின் அம்மா விரல் முட்டியால் அதைத் தட்டிப் பார்த்தார். என் அம்மா மறுபக்கம் தட்டினாள்.

“நல்ல வேக்காடு” என்றார் அவர், பானையிடம் சொல்வதுபோல்.

“கீறல் இல்லை” என்றாள் அம்மா, அவளும் பானையிடம்.

“நெல்லு மூட்டைக்கணக்கா புடிக்கும்.”

“புழு வராது. அந்தக் காலத்து மண்ணு.”

பஸ் முழுக்கப் பேசாதவர்கள் பானையைப் பார்த்ததும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். இதுதான் சமயம் என்று நான் சுங்கான் பெட்டியருகே போனேன். மாப்பிள்ளை ஏற்கெனவே அங்கே நின்று கண்ணாடியில் டையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

“ஒண்ணு கேக்கணும். கல்யாணத்துக்கப்புறம் நான் வேலைக்குப் போறதுல உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே?”

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். “நீங்க வேலையை விட்டுடப் போறீங்கன்னு உங்கப்பா சொன்னாரே? சந்தோஷமா விடறீங்கன்னு?”

எனக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. இரண்டு பக்கமும் ஒரே ‘சந்தோஷமா’வை விற்றிருக்கிறார்! அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். பீரங்கிக் குண்டின் எடையை ரொம்ப அக்கறையாக விசாரித்துக்கொண்டிருந்தார். அந்தக் குண்டாலேயே ஒன்று போடலாமா என்றிருந்தது. ஆனால் மூன்றாம் மனிதர்கள் முன்னால் சொந்த அப்பாவிடம் எப்படிச் சண்டை போடுவது? “நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று மாப்பிள்ளையைக் கேட்கத் திரும்பினேன். அதற்குள் அறையே அதிர்கிற மாதிரி ஒரு அலறல்.

மாப்பிள்ளையின் அம்மா மூடியை நகர்த்திவிட்டு, அடி கெட்டியாக இருக்கிறதா என்று தோள்வரை கையை உள்ளே விட்டுத் துழாவியிருக்கிறார். கையில் வெள்ளையாக ஏதோ வந்திருக்கிறது. “இது இன்னாப்பா, ஓடா?” என்று கேட்டிருக்கிறார்.

“ஓடு இல்லம்மா, எலும்பு. இது பொணத்த வெச்சிப் பொதைக்கிற பானை. தாழிம்பாங்க. நானே சொல்லலாம்னு வந்துகினு இருந்தேன், நீங்க முந்திக்கினீங்க” என்றார் காவல்காரர், பெருமையாக.

எலும்பு கீழே விழப்போனது. மாப்பிள்ளை பாய்ந்து பிடித்தார். என் அம்மா பயத்தில் ஓடிவந்து என் கையைக் கெட்டியாகப் பிடித்தாள். சுபகாரியத்துக்கு என்று நல்ல நேரம் பார்த்துப் புறப்பட்டு வந்து, பிணப்பானையை ஆளுக்கொரு பக்கம் தட்டிப் பார்த்திருக்கிறோம்.

“தீட்டு! எல்லாரும் தலை முழுகணும்” என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

அப்பா வாத்தியார் குரலை எடுத்தார். “அம்மா, இந்த ஆள் செத்து ஆயிரக்கணக்கான வருஷம் ஆச்சு. தீட்டுக்கும் ஒரு கெடு உண்டு இல்லையா?”

“பங்காளியா இருந்தாத்தானே நாள்கணக்கு? வேத்து ஆளுக்குக் குளிச்சாப் போதும்” என்றார் மாப்பிள்ளை, எலும்பை ஏந்தியபடியே.

“பங்காளி இல்லைன்னு எப்படித் தெரியும்?” என்றாள் என் அம்மா.

“இந்த மண்ணுல பொதைச்ச ஆளு. கணக்குப் பாத்தா எல்லாத்துக்கும் பங்காளிதான்” என்றார் காவல்காரர். உதவி செய்வதாக நினைப்பு.

பங்களாவுக்குப் பின்னால் ஒரு கிணறு இருந்தது. ஒரு வாளிதான். காவல்காரர் பெண்களுக்காக ஓலைத்தட்டி வைத்து மறைத்தார். பானையைத் தொட்டவர்கள் இருவர், எலும்பைப் பிடித்தவர் ஒருவர், தொட்டவரைத் தொட்டவள் நான். அப்பா மட்டும் எதையும் தொடாமல் ஒதுங்கி நின்று, “நான் எதுக்கு?” என்றார். அம்மா நேராகப் போய் அவர் தோளில் கையை வைத்துவிட்டு வந்தாள்.

யார் முதலில் குளிப்பது என்று ஒரு தயக்கம். அப்பா தன் வழக்கமான பெருந்தன்மையோடு வாளியை நீட்டி, “மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முதல்ல” என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. பஸ்ஸிலிருந்து கட்டிக் காப்பாற்றி வந்த தற்செயல் கிணற்றடியில் உடைந்துபோனது. எல்லாரும் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தோம். காவல்காரர்தான், “அதான பாத்தேன்! இந்த வெயில்ல கோட்டு மாட்டிக்கினு எவன் மியூசியம் பாக்க வருவான்?” என்றார்.

பட்டும் பவுடரும் தண்ணீரோடு போயின. பக்கத்துக் குப்பத்திலிருந்து காவல்காரரின் மனைவி தன் புடவைகளைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஓலைத்தட்டியை விட்டு வெளியே வந்தபோது, மாப்பிள்ளை காவல்காரரின் கட்டம் போட்ட கைலியில், தலை சொட்டச் சொட்ட நின்றார். கோட்டில் இருந்ததைவிட ஆள் நன்றாகவே இருந்தார். பக்கத்தில் அப்பா துண்டைக் கட்டிக்கொண்டு வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார். இனி எதற்கு மறைப்பு?

“அப்பா, நான் வேலையை விடறேன்னு இவங்ககிட்ட சொன்னீங்களா?”

“ரெண்டு பக்கமும் ஒத்துக்கணுமேன்னு, அவங்கவங்களுக்குப் பிடிச்சதைச் சொன்னேம்மா” என்று பிழிந்த வேட்டியையே மறுபடி பிழிந்தார்.

“நான் விடமாட்டேன்” என்று எல்லாருக்கும் சேர்த்துச் சொன்னேன். “இதனால உங்களுக்கு வேண்டாம்னா பரவாயில்லை. ஆனா பொய் சொல்லி என்னால வரமுடியாது.” இதுவும் போயிற்று என்றே நினைத்தேன். அழுகை வந்துவிட்டது, முகத்தில் இருந்த ஈரத்தில் அது தனியாகத் தெரிந்திருக்காது. மாப்பிள்ளை தன் அம்மாவைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

அவர் கிணற்றுத் திட்டில் உட்கார்ந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். “நான் எதுக்குத் தலை முழுகச் சொன்னேன் தெரியுமா?” என்றார். “நாளைக்கு உங்களுக்குக் கல்யாணமாகி ஒரு தலைவலி, காய்ச்சல் வந்தாக்கூட அந்தப் பானையை யாரும் சொல்லமாட்டாங்க. தாலியறுத்தவ முன்னால வந்து நின்னா, அதான் இப்படின்னு என்னைத்தான் சொல்வாங்க. இன்னிக்கே நான் வரலைன்னுதான் சொன்னேன். இவன்தான் இழுத்துக்கினு வந்தான்.”

என் அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கையை ஆட்டித் தடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“வேலையை விடாதே. இவன் அப்பா போனப்ப எனக்கு ஒரு வேலையும் தெரியாது. அண்ணன் வூட்டு அடுப்படியில எல்லாருக்கும் ஆக்கிப் போட்டுக்கினு, யாராவது வெளிய கெளம்பினா எதிர்ல வராம கதவுக்குப் பின்னால ஒளிஞ்சிக்கினு இவனை வளத்தேன். நீ எதுக்கு விடணும்?”

அப்படி ஒரு பதிலை நான் அந்த வீட்டிலிருந்து எதிர்பார்க்கவில்லை. மாப்பிள்ளை கைலியை இன்னொரு தடவை இறுக்கிக்கொண்டு, “ஸ்டேஷன் பக்கத்துல வீடு பாத்திருந்தேன். அது உங்க பள்ளிக்கூடத்துக்குத் தூரமாச்சே. வேற பாக்கணும்” என்றார். பெண் பிடித்திருக்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லியிருக்க முடியாது. திரும்பிப் போகிற பஸ்ஸிலும் அதே கண்டக்டர். இரவல் துணியில் ஈரத்தலையோடு ஏறிய எங்களைப் பார்த்து அவர் எதுவும் கேட்கவில்லை.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. கைலியையும் புடவைகளையும் திருப்பிக் கொடுக்கப் போனபோது, காவல்காரர் வேறு ஒரு குடும்பத்துக்குப் பானையைக் காட்டிக்கொண்டிருந்தார். “ராசியான பானை. பொண்ணு பாத்தா உடனே முடியுது” என்று சொல்லிக்கொண்டிருந்தார். எலும்பு விஷயத்தை விட்டுவிட்டார்.

கல்யாணத்துக்குப் பிறகு நான் முதல் நாள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியபோது, மாமியாரை வீட்டில் எங்கும் காணவில்லை. தேடினால் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தேன். “வேண்டாம்மா, முதல் நாள்” என்று கெஞ்சினார். எதிரே நிற்கவைத்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் படியிறங்கினேன். அன்றைக்குப் பார்த்துச் செருப்பு வார் அறுந்தது, பள்ளிக்கூடத்துக்கும் நேரமாகித் திட்டு வாங்கினேன். சாயங்காலம் அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தபோது, அதைப் பார்த்து அவர் முகம் செத்துப்போய், நான் நுழைவதற்குள் உள்ளே திரும்பிக்கொண்டிருந்தார்.

“எல்லாம் அந்தப் பானையால வந்தது!” என்று வாசலிலிருந்தே கத்தினேன்.

ஒரு கணம் புரியாமல் நின்றார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிகிறவரை சிரித்தார். பால் வழிந்ததற்கும் பானைதான் என்று அவரே சொன்னார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தாலும், இவருக்குப் பிரமோஷன் தள்ளிப்போனாலும், பழியெல்லாம் பானை மேல்தான். மாமியார் மட்டும் தினமும் காலையில், நான் கூப்பிடாமலேயே, வாசலில் எனக்கு எதிரே வந்து நிற்பார்.