லாக்கா... ஃப்ரீயா?

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நான் எண்ணூர் கடற்கரை மணலில் குப்புறப் படுத்துக் கிடந்தேன். யோகா எல்லாம் இல்லை. என் ஜீப்பின் பின்சக்கரத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

இந்த ஜீப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஃபோர் வீல் டிரைவ். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் — இழுக்க வேண்டும் என்பது ஐதீகம். முன்சக்கரங்களை இன்ஜினோடு கோத்துவிட, ஹப் என்று ஒரு சமாசாரம் உண்டு. நம்முடையது ஆட்டோமேட்டிக் ஹப். உட்கார்ந்தபடியே லீவரைப் போட்டால் அதுவே லாக் ஆகும். வயசாகிவிட்டதால், அதற்கு மூடு இருந்தால் மட்டும் ஆகும்.

போன மழையில் மணலி பக்கம் சேற்றில் சிக்கியபோது அதற்கு மூடு இல்லை. ஒரு தண்ணி லாரிக்காரர் கயிறு கட்டி இழுத்துவிட்டார். முன்சீட்டில் என் மனைவி சுமதி, பட்டுப்புடவையில். கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால், கடைசிப் பந்தியின் இலையை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கே சொல்லிவிட்டாள். "இன்னொரு தடவை இது எங்கயாவது மாட்டிச்சுன்னா, மீஞ்சூர் சித்தப்பாவுக்கு வித்துடணும். அவரும் கேட்டுக்கிட்டே இருக்கார்."

சித்தப்பா அதில் கோழி ஏற்றுவார்.

ஓடினேன் ராயபுரத்துக்கு. என் மெக்கானிக் காதர் பாய் ஹப்பைப் பார்த்தார். "ஆட்டோமேட்டிக்கு எப்பவும் பேஜாரு நைனா. கயட்டி கடாசிட்டு மேனுவல் போட்டுக்கோ" என்றார். போட்டும் கொடுத்தார். முன்சக்கரம் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு திருகு. இந்தப் பக்கம் லாக், அந்தப் பக்கம் ஃப்ரீ. மணல், சேறு வந்தால் இறங்கிக் கையால் லாக்குக்குத் திருப்ப வேண்டும். தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி இறங்கி ஃப்ரீ. இதில் தப்புப் பண்ண என்ன இருக்கிறது?

இருக்கிறது.

நண்டு வாங்குகிற சாக்கில் சுமதியை எண்ணூருக்குக் கூட்டிப் போனேன். நண்டெல்லாம் சும்மா — ஹப்பைக் காட்டத்தான். மணல் ஓரத்தில் நிறுத்தி, இறங்கி, இரண்டையும் ஸ்டைலாக லாக் செய்தேன். ஜீப் ஜம்மென்று போனது. அதோடு விட்டிருக்கலாம். நடுவில் நிறுத்தி செல்ஃபி எடுத்தேன். திரும்பக் கிளப்பினால், சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிக் கொஞ்சம் கீழே இறங்கியது.

சுமதி கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். சித்தப்பா நம்பரைத்தான் தேடுகிறாள் என்று தெரியாதா எனக்கு? முந்திக்கொண்டு பாய்க்கு அடித்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"பாய், மணல்ல மாட்டிக்கிச்சு. வண்டியே கையை விட்டுப் போயிடும் போல இருக்கு. இப்ப என்ன பண்றது?"

"அய்ய... இதுக்கா இம்மாம் டென்சனு? ஃப்ரீயா வுடு நைனா" என்றார்.

விட்டேன். இறங்கி இரண்டு ஹப்பையும் லாக்கிலிருந்து ஃப்ரீக்குத் திருப்பி, ஏறி, ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி மிதித்தேன். முன்சக்கரம் சும்மா நின்றது. பின்சக்கரம் தனியாகப் பள்ளம் தோண்டி உள்ளே போய்விட்டது.

வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு மீனவர் வந்து நின்றார். "இன்னா சார், நண்டு கணக்கா வளைக்குள்ள பூந்துகினு கீது?" என்றார்.

மறுபடி பாய். "நீங்க சொன்ன மாதிரியே ரெண்டு ஹப்பையும் ஃப்ரீயா விட்டேன். இன்னும் உள்ள போகுது பாய்."

"நைனா... உன்னியதான் டென்சன் ஆவாதன்னேன். ஹப்ப எவன் ஃப்ரீயா வுட சொன்னான்?"

தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன் நான். தினமும் நாலு பேராவது என்னிடம் 'ஃப்ரீயா வுடு' என்கிறார்கள். ஒரு நாளாவது டென்ஷனை விட்டிருக்கிறேனா? பதற்றத்தில் இருக்கிறவனுக்கு அறிவுரை சொன்னால், அர்த்தத்தை விட்டுவிட்டு வார்த்தையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறான்.

சுமதி போனை வாங்கினாள். "எங்கிட்ட சொல்லுங்க பாய்."

"டயர்ல பாதி காத்த எறக்கும்மா. ரெண்டு ஹப்பையும் லாக்ல வையி. சின்ன லீவர லோ கியருல போட்டு, பைய வா."

ஹேர்பின்னால் வால்வை அழுத்திக் காற்றை இறக்கினாள். ஹப்பைத் திருப்பினாள். நானும் மீனவரும் கையால் மணலை அள்ளினோம். அவள் நன்றாகவே கார் ஓட்டுவாள். இந்த ஜீப்பை மட்டும் நான் தொடவிட்டதில்லை. அன்று கேட்காமலேயே ஏறி உட்கார்ந்தாள். ஜீப் ஒரு உறுமு உறுமி மேலே வந்து, நேராகத் தார் ரோட்டில் போய் நின்றது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

மாட்டியது மாட்டியதுதானே? பேச்சு என்றால் பேச்சுதான். சித்தப்பாவும் அவருடைய கோழிகளும் கண்முன் வந்தார்கள். "அப்ப... வித்துடலாமா?" என்றேன்.

ஸ்டியரிங்கைத் தட்டிக் கொடுத்தாள். "வண்டி மேல ஒரு தப்பும் இல்லீங்க. எதுக்கு விக்கணும்? இனிமே நான் ஓட்டுறேன்."

ஆக, ஜீப் வீட்டில்தான் இருக்கிறது. அவள் உள்ளே உட்கார்ந்தபடி 'லாக்' என்றால் போதும்... ஆட்டோமேட்டிக்காக இறங்கித் திருப்பிவிடுகிறேன்.